கூப்பிட்டுக் கேளு

முருகையாவின் மகளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், கோயிலுக்குப் பின்னால் செம்பனை மரங்களின் ஓரமாக அவளுடைய பழைய மைவி கார் நிற்கிறது. கண்ணாடி நான்கும் ஏற்றியிருக்கிறது. இஞ்சின் ஓடவில்லை, அதனால் ஏர்கோனும் இல்லை. அந்த வெயிலில் உள்ளே உட்கார்ந்து, கையை ஆட்டி ஆட்டித் தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறாள். போய்க் கண்ணாடியைத் தட்டினேன். வேர்த்து வழிய இறக்கினாள்.

"மாமா, ரெக்கார்டிங் போய்ட்டு இருக்கு. வீட்டுல டிவி சத்தம், ஏர்கோன் போட்டா அதுவும் சத்தம். பத்து நிமிஷம் லா."

அன்பரசிக்கு அப்போது வயது முப்பத்திரண்டு. அவள் அப்பா முருகையா மெலாத்தி தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டத்தை விற்று, லயத்து வீடுகளை இடித்து, எங்களைப் பெஸ்தாரி ஜெயா பக்கம் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளுக்குக் கொண்டுவந்தபோது அவள் பள்ளிக்கூடப் பிள்ளை. படித்து முடித்து ரவாங்கில் ஒரு கூரியர் கம்பெனி அலுவலகத்தில் சேர்ந்தாள். வாடிக்கையாளர் கூப்பிட்டால் பதில் சொல்கிற வேலை. 'உங்கள் பார்சல் கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, பணம் கட்டு' என்று எவனோ கம்பெனிப் பேரைச் சொல்லி ஏமாற்றியிருப்பான். ஏமாந்தவர்கள் இவளைக் கூப்பிட்டு அழுவார்கள். தமிழில் அழுகிறவர்களை எல்லாம் அவளுடைய மேசைக்கே அனுப்பிவிடுவார்களாம்.

இத்தனையும் கேட்ட பெண்ணே ஒரு நாள் தானும் மாட்டிக்கொண்டாள். ஹோட்டல் வீடியோவுக்கு லைக் போட்டால் பகுதி நேரச் சம்பளம் என்று ஒரு கும்பல். கல்யாணத்துக்கென்று சேர்த்து வைத்திருந்தது முழுக்கப் போய்விட்டது. ஒரு வருஷம் யாரிடமும் மூச்சு விடவில்லை. அப்புறம் அந்த மைவிக்குள் உட்கார்ந்து ஒரு போட்காஸ்ட் ஆரம்பித்தாள். 'கூப்பிட்டுக் கேளு' என்று பேர். முதல் பதிவிலேயே தன் பேர், அப்பா பேர், எவ்வளவு போனது, எந்த இடத்தில் புத்தி மழுங்கியது, எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள்.

முருகையா ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை வீட்டார் விலகிக்கொண்டார்கள். நானே அவளிடம் கேட்டேன், இதெல்லாம் தேவையா என்று. சிரித்தாள். "மாப்பிள்ள வீட்டுல மூணு பேரு கடைசி வரைக்கும் கேட்டிருக்காங்க மாமா. அப்போ எனக்கு மொத்தமே இருவது பேருதான்." சிரித்தாளே தவிர, அந்த வருஷம் அவள் எந்தக் கல்யாணத்துக்கும் போகவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் தப்பு செய்தவன் நான்தான். என் பேர் ரவீந்திரன். ரவாங்கில் ஒரு பலகைத் தொழிற்சாலையில் ஸ்டோர் சூப்பர்வைசர். கோயிலுக்குப் பதினாறு வருஷமாகச் செயலாளர். தோட்டத்து ஆட்கள் ரவாங், உலு யாம், சுங்கை புரோங் என்று சிதறிப் போன பிறகு 'மெலாத்தி குடும்பம்' என்று ஒரு வாட்ஸாப் குரூப் ஆரம்பித்தவனும் நான்தான். இருநூறு பேருக்கு மேல். திருவிழா, கருமாதி, கூட்டம், எதுவானாலும் என் போனிலிருந்துதான் போகும். கொஞ்சம் மிதப்போடுதான் இருந்தேன், ஒப்புக்கொள்கிறேன்.

அன்பரசி தன் பேச்சை எட்டு நிமிஷத் துண்டுகளாக்கி அந்தக் குரூப்பில் போட ஆரம்பித்தாள். எங்கள் ஆட்கள் ஆப் இறக்கி போட்காஸ்ட் கேட்கிறவர்கள் இல்லை. ஆனால் வாட்ஸாப்பில் குரல் வந்தால் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பார்கள். அதை அவள் சரியாகப் பிடித்தாள். கோயில் அறிவிப்புப் பலகையிலும் ஒரு எச்சரிக்கைத் தாள் ஒட்டியிருந்தது: 'இணையவழி நிதி மோசடி குறித்து விழிப்புடன் இருப்பீர்.' வாசித்தவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். தன் கையிலிருக்கும் போனைப் பற்றித்தான் அந்தத் தாள் பேசுகிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்பரசி வேறு மாதிரி பேசினாள். "சின்னம்மா, அந்த போலீஸ்காரன் உங்கள வீடியோ கால்ல அரெஸ்ட் பண்றேன்னு சொல்றானா? கட் பண்ணிட்டு போய் மீன் கழுவுங்க," என்பாள். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஒரே பேச்சுதான். யார் எதை அனுப்பினாலும் திறக்கறதுக்கு முன்னாடி கூப்பிட்டுக் கேளு. உங்க ரெண்டு பேருக்கு மட்டும் தெரிஞ்ச ஒண்ணக் கேளு.

எனக்கு இது பிடிக்கவேயில்லை. நாற்பது வருஷம் பழகிய மனுஷன் அனுப்பியதைச் சந்தேகப்பட்டு, 'நீதானா?' என்று கேட்பதா? கோயில் ஆண்டுக் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேச இடம் கேட்டாள். மூன்று நிமிஷம் கொடுத்தேன், அதுவும் அன்னதானத்துக்கு இலை போட்ட பிறகு. காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேசிவிட்டு இறங்கினாள்.

போன வருஷம் மே மாதக் கடைசியில் நடப்பதாக என் மகள் லோகேஸ்வரிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ரவாங்கில் மண்டபம் பிடித்து, நானூறு பேருக்குச் சாப்பாடு சொல்லியாகிவிட்டது. பத்திரிக்கை மட்டும் இன்னும் அனுப்பவில்லை. ஏப்ரலில் ஒரு வெள்ளிக்கிழமை, உலு யாமில் இருக்கும் பழைய தோட்டத்து நண்பர் செல்லையாவின் நம்பரிலிருந்து எனக்கு ஒரு பத்திரிக்கை வந்தது. அவருடைய மகன் தீபனுக்குக் கல்யாண வயது. அன்புடன் அழைக்கிறோம் என்று ஒரு வரி, கீழே ஒரு ஃபைல்.

எங்கள் ஆட்களிடம் பத்திரிக்கைக்கு ஒரு மரியாதை உண்டு. வந்த அன்றைக்கே திறந்து பார்த்து, கும்பிடும் கைப் படத்தைப் போட்டுப் பதில் அனுப்ப வேண்டும். அனுப்பியவர் நீல டிக்கை எண்ணிக்கொண்டிருப்பார். டிக் விழுந்தும் கும்பிடு வரவில்லை என்றால் வருத்தம். டிக்கே விழவில்லை என்றால் அடுத்த திருவிழாவில் முகம் கொடுக்க மாட்டார். செல்லையாவைக் கூப்பிட்டு 'நிஜமாகவே நீ அனுப்பினதா?' என்று கேட்டால் அவர் என்ன நினைப்பார்? கேட்கவில்லை. திறந்தேன். போன் என்னென்னவோ அனுமதி கேட்டது. நான்கு தடவை ஆமாம் என்று அழுத்தினேன். பத்திரிக்கை மட்டும் திறக்கவில்லை. லைன் மோசம் என்று திட்டிவிட்டு, பார்க்காத பத்திரிக்கைக்கு ஒரு கும்பிடு வேறு போட்டேன்.

ஒரு மணி நேரத்தில் என் வாட்ஸாப் என் கையை விட்டுப் போய்விட்டது. செல்லையாவுக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. என் நம்பரிலிருந்து, என் படத்தோடு, குரூப்பில் உள்ள அத்தனை பேருக்கும் அதே மாதிரி ஒரு ஃபைல் போயிருக்கிறது. 'எங்கள் இல்லத் திருமணம்.' வேறு யார் பேரில் வந்திருந்தாலும் பாதிப் பேர் திறந்திருக்க மாட்டார்கள். லோகேஸ்வரியின் பத்திரிக்கை எப்போது வரும் என்று எல்லோருமே காத்திருந்தார்கள். அதனால் திறந்தார்கள்.

என் கணக்கில் ஒரு காசு போகவில்லை. நான் இன்னும் வங்கிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கவுண்டருக்குப் போகிற ஆள். போனில் வங்கி கிடையாது. அன்பரசிதான் வந்து போனைச் சுத்தப்படுத்தி, நம்பரை மீட்க வழி சொல்லி, என்னைப் போலீஸ் நிலையத்துக்கும் கூட்டிக்கொண்டு போனாள். 'சொன்னேனே' என்று ஒரு வார்த்தை வரும் என்று வழி முழுக்கக் காத்திருந்தேன். வரவில்லை. அது வந்திருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நான்கு நாள் கழித்து நம்பர் திரும்பக் கிடைத்தது. நிஜமான பத்திரிக்கையை அனுப்பினேன். இருநூறு பேரில் ஒன்பது பேர் திறந்தார்கள், அதில் ஐந்து பேர் எங்கள் வீட்டு ஆட்கள். குரூப்பில் யாரோ எழுதினார்கள்: 'ரவி போன்ல இருந்து வர்ற எதையும் தொடாதீங்க.' பதினாறு வருஷம் ஊருக்கெல்லாம் செய்தி சொன்ன எனக்கு, என் மகள் கல்யாணத்தைச் சொல்ல வழியில்லாமல் போயிற்று. நேரில் போய் அழைக்கலாம் என்றாள் என் மனைவி லீலாவதி. எந்த முகத்தோடு ஒரு வாசலில் போய் நிற்பது? ஃபைலைத் திறந்து யார் யார் என்ன இழந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

"அப்பா, சின்னதா பண்ணிக்கலாம். எனக்கு ஓகேதான்," என்றாள் லோகேஸ்வரி. ஓகே இல்லை என்பது எனக்குத் தெரியாதா? அவள் பிறந்ததிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் வந்து அட்சதை போட வேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள்.

அன்பரசி மறுபடியும் வந்தாள். "மாமா, போட்காஸ்ட்ல நீங்க பேசுங்க. என்னா நடந்துச்சுன்னு உங்க வாயாலயே சொல்லுங்க. நான் ஆயிரம் தடவ சொல்றதும் நீங்க ஒரு தடவ சொல்றதும் ஒண்ணு இல்ல."

"நீயே சொல்லிடேன். பேர் வேணாம். ஒருத்தர்னு சொல்லு."

"ஒருத்தர்னு சொன்னா யார் மாமா நம்புவாங்க? எல்லாரும் வேற யாரோன்னு நெனச்சுப் போய்டுவாங்க. நான் என் பேரச் சொல்லித்தான ஆரம்பிச்சேன்?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! "என் மக கல்யாணத்த வச்சு உன் ப்ரோகிராமுக்கு ஆள் சேக்கறியா? உனக்குத்தான் கல்யாணம் நின்னு போச்சு, என் வீட்டுலயும் நிக்கணுமா?"

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஆனால் வார்த்தை வெளியே போய்விட்டது. அவள் முகம் சுருங்கிப் போயிற்று. "சரி மாமா," என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். லீலாவதி அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை, அதில் நியாயம் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை மாலை கோயிலுக்கு அர்ஜுனன் வந்தான். நல்லம்மாள் அக்காவின் மகன். சுங்கை புரோங்கில் நெல் ஆலையில் வேலை. லயத்தில் எங்களுக்கு அடுத்த வீடு அவர்களுடையது. பூசை முடிந்து, எல்லோரும் போகிற வரை தூண் பக்கமாகவே நின்றான். பிறகு மெதுவாகக் கிட்டே வந்தான்.

"மாமா, இது அம்மாவுக்குத் தெரியக்கூடாது. அம்மா அந்த ஃபைல தொறந்துட்டாங்க. முட்டி ஆப்பரேஷனுக்கு வச்சிருந்த டுயிட், அத்தன காசும் போயிடுச்சு. மொதல்ல பெரிய தொகை, மறுநாள் மிச்சம். எனக்கே முந்தாநாள்தான் தெரியும்."

"ரெண்டு வாரம் ஆச்சேடா! அன்னிக்கே மோசடிக்குன்னு இருக்கற 997க்குக் கூப்பிட்டிருந்தா நிறுத்தியிருப்பாங்க இல்ல? போலீஸ்ல ரிப்போர்ட் குடுத்தீங்களா?"

"அம்மா வேணாம்னுட்டாங்க. ரிப்போர்ட் குடுத்தா யார் அனுப்புனாங்கன்னு கேப்பாங்க, உங்க பேர எழுதணும். நல்ல காரியம் நடக்கப் போற வீட்டுப் பேர போலீஸ்ல எழுதறதா, கல்யாணம் முடியட்டும்னு சத்தியம் வாங்கிட்டாங்க."

கோயில் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா ஏமாந்தது என் பேரை நம்பி. ஏமாந்த பிறகு வாயை மூடிக்கொண்டதும் என் பேரைக் காப்பாற்ற. நான் இங்கே என் மானம் போயிற்று என்று உட்கார்ந்திருக்க, அங்கே ஒரு மனுஷி என் மானத்துக்காகத் தன் முட்டியைப் பலி கொடுத்துக்கொண்டிருந்தாள். என் மேல் எனக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சம் இல்லை. இன்னும் எத்தனை வீட்டில் இப்படிப் பேசாமல் இருக்கிறார்களோ?

அங்கிருந்தே அன்பரசியைக் கூப்பிட்டேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். வயதில் சின்னவளிடம் மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாததால் இரண்டு தடவை கேட்டுவிட்டேன். "ஒரு தடவ போதும் மாமா. நாளைக்கு ரெண்டு மணிக்கு வாங்க, துண்டு எடுத்துட்டு வாங்க," என்றாள். துண்டு எதற்கு என்று மறுநாள் காருக்குள் உட்கார்ந்த ஐந்தாவது நிமிஷம் புரிந்தது.

"பெரியோர்களே, தாய்மார்களே, மெலாத்தி தோட்டத்துச் சொந்தங்களே" என்று ஆரம்பித்தேன். நிறுத்திவிட்டாள். "மாமா, இது மேடை இல்ல. நல்லம்மா அத்தை உங்க முன்னாடி உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுப் பேசுங்க."

நினைத்துப் பார்த்தேன். துண்டால் முகத்தைத் துடைத்தேன். வெளியே யாரோ குலை வெட்டும் சத்தம். அதற்கப்புறம் தானாக வந்தது.

"என் பேரு ரவீந்திரன், கண்ணுசாமி மகன். உங்களுக்கு வந்த அந்த ஃபைல் என் போன்ல இருந்து வந்ததுதான். அனுப்புனது நான் இல்ல, ஆனா கதவத் தொறந்து விட்டது நான்தான். அன்பரசி சொன்னத நான் கேக்கல. செல்லையா என்னா நெனைப்பாரோன்னு கூச்சப்பட்டு கூப்பிடாம இருந்துட்டேன். ஒரு போன் கால், அவ்ளோதான். இப்ப உங்கள்ல சில பேரு டுயிட் போயும் சொல்லாம இருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். ரவி வீட்டுல கல்யாணம், அவன் பேர எழுதக்கூடாதுன்னு. அய்யா, அம்மா, கையெடுத்துக் கும்பிடறேன், என் பேர எழுதுங்க. இன்னிக்கே எழுதுங்க. நீங்க எழுதாம என் மக கழுத்துல தாலி ஏறுனா அது எனக்கு நல்ல காரியம் இல்ல."

கடைசியில் கல்யாணப் பத்திரிக்கையை வாயாலேயே சொன்னேன். நாள், நேரம், மண்டபம். "இதுல திறக்க ஒண்ணும் கெடையாது. சந்தேகமா இருந்தா என்னைக் கூப்பிட்டுக் கேளுங்க. எத்தன மணிக்கு வேணும்னாலும் எடுப்பேன்."

திரும்பிப் பார்த்தால் அன்பரசி என் துண்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "வேர்வ மாமா," என்றாள். அந்த எட்டு நிமிஷத்தில் அவள் ஒரு வார்த்தைகூட வெட்டவில்லை.

அன்று மாலையே போன் அடிக்க ஆரம்பித்தது. இரண்டு நாளில் ஏழு குடும்பங்கள் வாயைத் திறந்தன. எல்லோருக்கும் அதே கூச்சம், அதே காரணம். அன்பரசி லீவு போட்டுவிட்டு அடுத்த சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தாள். வங்கிக்குப் பேசினாள், மலாயில் ரிப்போர்ட் எழுத உதவினாள், ஒவ்வொருவர் போனாக வாங்கிச் சுத்தப்படுத்தினாள். முருகையா தன் மகள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தார். "அடுத்த நம்பர்!" என்று அவர் கத்திய கத்தலில் பெருமை வழிந்தது. போன பணமெல்லாம் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். பாதிப் பேருக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் அதற்கு அடுத்த மாதம் வேறொரு பேரில் அதே ஃபைல் எங்கள் குரூப்புக்கு வந்தது, ஒருவர்கூடத் திறக்கவில்லை. யார் நம்பரிலிருந்து வந்ததோ அவரை அறுபது பேர் கூப்பிட்டு 'நீதானா?' என்று கேட்டுத் தூங்கவிடவில்லையாம்.

கல்யாணத்துக்கு நானூறு பேருக்குச் சொன்ன சாப்பாடு பற்றாமல், மண்டபத்துக்காரர் பின்பக்கம் மறுபடி உலை வைத்தார். அன்பரசி பட்டுப்புடவையில் வந்தாள், பல வருஷத்துக்குப் பிறகு அவள் வந்த முதல் கல்யாணம். சாப்பிடக்கூட விடாமல், 'இதத் தொறக்கலாமா?' என்று ஆளுக்கொரு போனை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்கள். இதெல்லாம் சந்தோஷம்தான். ஆனால் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்பது கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை வந்த ஒரு கால்.

வேலையில் இருந்தேன். பலகை அறுக்கும் சத்தத்தில் காதைப் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"யாரு, ரவியா?"

"ஆமா அக்கா, நான்தான்." நல்லம்மாள் அக்கா குரல்.

"நீதான்னு நான் எப்படி நம்பறது? லோகேஸ்வரி பொறக்கறப்போ லீலாவதிய ஆஸ்பத்திரிக்கு எதுல கொண்டு போனோம், சொல்லு?"

ஒரு வருஷத்துக்கு முன்னால் என்னிடம் யாராவது இப்படிக் கேட்டிருந்தால் போனை வைத்திருப்பேன். இப்போது சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"ரொட்டிக்காரர் வேன்ல அக்கா. பின்னாடி ரொட்டித் தட்டுக்கு நடுவுல உக்காந்து, அவ தலைய நீங்கதான் மடியில வச்சிருந்தீங்க."



"சரி, நீதான்," என்றாள். "தம்பி, போலீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டாவது தடவ போனத மட்டும் எங்கயோ நிறுத்தி வச்சிருக்காங்களாம், கெடைக்கும்னு அன்பரசி சொல்லுது. யார் நம்பர்ல இருந்து வந்துச்சுன்னு கேட்டாங்க. உன் பேரச் சொல்லிட்டேன். கோவிச்சுக்காத."

"முழுப் பேரும் சொன்னீங்களா அக்கா?"

"சொன்னேன். உங்கப்பா பேரோட."

"நல்லது. ஞாயித்துக்கிழம எத்தன பேரு வர்றீங்க?"

"நாலு பேரு. எனக்கு முன் வரிசையில நாற்காலி போட்டு வை, முட்டி வலிக்குது."